துளை போட்ட காபிக் காகிதம்

குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோதுதான் வஸுமதிக்கு விஷயம் பிடிபட்டது. காபி ஃபில்டருக்குள் போடும் காகிதத்தில் அத்தனையும் ஊசித் துளை. சித்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கோயில் கைங்கர்யத்துக்குப் போயிருந்த கணவர் சாரங்கபாணிக்கு, வாசல் கதவில் செருகிவிட்டுப் போக, காலண்டர் தாளின் பின்பக்கம் பேனா கிழிக்கும்படி அழுத்தி எழுதினாள்.

"ஏன்னா, சாவி எதிராத்து மாமிகிட்ட இருக்கு. சாத்தமுதைச் சூடு பண்ணிக்கோங்கோ. நாளைக்குத்தான் வருவேன்.

உங்க கொலஸ்ட்ரால் ஏறினப்போ டாக்டர் என்ன சொன்னார்? காபியில இருக்கற எண்ணெய்ப் பசையைப் பித்தளைச் சல்லடை விட்டுடும், காகிதம் பிடிச்சுக்கும்னார். திருப்பதி முழுக்க அலைஞ்சு வாங்கிண்டு வந்தேன். டிகாக்ஷன் மெதுவா இறங்கறதுன்னு என் தையல் ஊசியால குத்தி வெச்சிருக்கேளே! பெருமாள் தீர்த்தம் வடிகட்டற துணியில பொத்தல் இருந்தா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேளே, இது மட்டும் பரவாயில்லையா? 'காகிதத்துல இறக்கினாலும் அதே ருசி'ன்னு மூணு மாசமா ஊரெல்லாம் பெருமையடிச்சேன். நீங்க வாயே திறக்கலை!"

தாள் நிறைந்துவிட்டது. அதைத் திருப்பிப் பிடித்து ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"என் ரத்த ரிப்போர்ட்டும் நேத்து வந்தது. ஃபில்டருக்கு அடியில வெச்சிருக்கேன். கொலஸ்ட்ரால் போன வருஷம் நூத்தித் தொண்ணூறு, இப்போ இருநூத்திப் பதினெட்டு. தினம் கார்த்தால நீங்க கலந்து குடுக்கற காபியைத் தவிர, நான் வேற யார் கைக் காபியும் குடிக்கறதில்லை."