மூன்றாம் பாடத்துப் படங்கள்

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் இன்றும் மாடிப்படிதான். இடது பக்கம் இருந்ததை வலது பக்கம் கேட்டார்கள், வலது பக்கம் போட்டதை மறுபடி இடது பக்கம் கேட்கிறார்கள். வீடு கட்டுகிறவருக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்று இன்னும் முடிவாகவில்லை. வரைபடத்தில் இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். வரைந்தவள் நான்; என் பெயர் எங்கும் வராது.

அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால்தான் மூச்சு விட முடிகிறது. குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் தமிழ்ப் பாடங்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம், எடுத்துத் திருத்தலாம், வேறு மாதிரி மாற்றியும் வெளியிடலாம். ஊருக்கு ஒருவராக ஆறு பேர் சம்பளம் இல்லாமல் செய்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தொடங்கிவைத்த பேராசிரியரை எல்லோரும் தலைவர் என்கிறோம். பிழை திருத்துகிறவர் ஒரு பத்திரிகையில் அதே வேலை பார்க்கிறவர். அவருக்குக் கமா என்று பெயர் வைத்தது நான்தான். அவருக்கும் தெரியும், கோபமில்லை.

மூன்றாம் பாடம் நான் எழுதியது. எல்லாப் பாடங்களுக்கும் படம் நான். அடியில் என் பெயர் இருக்கிறது. சின்ன எழுத்தில்தான். இருந்தாலும் இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

வாசகர்கள் குறை சொல்லும் பக்கத்தில் ஒரு கடிதம். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

“மூன்றாம் பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ‘படம்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. அடுத்த வரியிலேயே ‘மேலே பார்த்தபடி’ என்று தொடங்குகிறது. எனக்குக் கண் தெரியாது. என் கணினிதான் எனக்கு வாசித்துக் காட்டுகிறது. மேலே என்ன பார்த்தோம் என்று சொல்ல முடியுமா?”

ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராம். சிரிப்பு வந்தது, உடனே சங்கடமாகவும் ஆகிவிட்டது. இத்தனை நாளில் இப்படி ஒரு ஆள் படிப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

மார்ச் 7, சனி

காலையிலிருந்து உட்கார்ந்து மூன்றாம் பாடத்தின் படம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினேன். “மேலும் கீழுமாக இரண்டு கிடைக்கோடுகள். மேல்கோட்டில் இடது ஓரம் ஒரு பெட்டி. அதற்கு வலப்புறம் ஒரு கரும்புள்ளி. அங்கிருந்து கீழ்க்கோட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு. அது முடியும் இடத்தில் கூட்டல் குறி போட்ட வட்டம்.” இப்படி. ஒரு மில்லிமீட்டர் விடவில்லை. அனுப்பிவிட்டு மனநிறைவோடு துணி மடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பதில் வந்தது. “ரொம்ப நன்றி மேடம். இப்போது பெட்டி எங்கே, புள்ளி எங்கே என்று தெரிகிறது. என்ன நடக்கிறது என்றுதான் தெரியவில்லை.”

இதுக்கு மேல என்னத்தச் சொல்ல? ஒரு நாள் லீவு முழுக்க இதுக்கே போச்சு. படத்துல இருக்கிறத ஒண்ணு விடாம எழுதிக் குடுத்தாச்சு. அதுக்கு மேல புரியலன்னா நானா பொறுப்பு? யாரு படிக்கச் சொன்னாங்க இந்தப் பாடத்த— 

வேண்டாம். இதை நாளைக்குப் படித்தால் எனக்கே என்னைப் பிடிக்காது.

மார்ச் 11, புதன்

சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரரை உட்காரவைத்து, கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, நான் எழுதிய விளக்கத்தைப் படித்தேன். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், மின்சுற்று படம் பார்த்துப் பழகியவர்தானே என்று ஒரு நம்பிக்கை. வரைந்து காட்டினார். கச்சிதமாக ஒரு ஏணி. ஏணியின் உச்சியில் ஒரு பெட்டி.

“இது எதுக்கு?” என்று கேட்டார்.

“நீங்கதான் சொல்லணும்.”

“பெட்டிய மேல ஏத்துறதுக்கா?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றதும் உறைத்தது. அவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14, சனி

ஆபரேட்டரிடம் தொலைபேசியில் பேசினேன். எண் கேட்டு எழுதியிருந்தேன். மதிய இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. கணினியில் பட்டம் வாங்கியவள்; கிடைத்தது டெலிபோன் போர்டு. தொழில்முறைக் குரல், அவசரமே இல்லை.

எதற்காக இதைப் படிக்கிறாய் என்று கேட்டேன், வேலை மாறவா என்று.

“இல்ல மேடம், ஆசைக்குத்தான். எல்லாரும் ஆசைக்கு எதையாவது படிக்கிறாங்க, என்னை மட்டும் எதுக்குன்னு கேக்குறாங்க.”

கேட்டது தப்பு என்றேன். பிறகு, படத்தை மறந்துவிட்டு, அதில் நடப்பதைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் இரண்டு அடிப்படை அலகு, இருக்கிறது, இரண்டும் பூஜ்யத்தில் தொடங்குகிறது. முதலாவதை, அளந்தால் பூஜ்யமோ ஒன்றோ சரிபாதி வாய்ப்போடு வரும் நிலைக்குக் கொண்டுபோகிறோம். அடுத்து, முதலாவது ஒன்றாக இருக்கும் பட்சத்தில் மட்டும் இரண்டாவதைத் திருப்புகிறோம். பிறகு இரண்டையும் அளக்கிறோம்.

நான் சொன்னதைப் படிப்படியாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ ஒண்ணு பூஜ்யமாவும் இன்னொண்ணு ஒண்ணாவும் வரவே வராதா?”

“வராது. ரெண்டும் ஒரே மாதிரிதான் வரும்.”

“இதுதானே மேடம் முக்கியம்? இது பாடத்துல எங்கயுமே இல்லியே.”

இருக்கிறது என்று சொல்லப் போனேன். இல்லை. நான்கு விடைகளுக்கு நான்கு கட்டங்கள் போட்டு, நடுவில் இரண்டைக் காலியாக விட்டு அழகாக வரைந்திருக்கிறேன். பாடத்தின் உயிரே அந்தக் காலிக் கட்டம். அதைச் சொல்லாமல் “படத்தைக் காண்க” என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

ஆறு பேரும் இணையத்தில் பேசினோம். ஏப்ரல் ஆறாம் தேதி ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு தொடங்குகிறது. நம் பாடங்களைத்தான் வைத்து நடத்தப்போகிறார்கள். யாரோ நம்மை நம்பி வகுப்பு வைப்பது இதுவே முதல் முறை. ஆபரேட்டரும் அதில் பெயர் கொடுத்திருக்கிறாள்; அதைச் சொல்லி, முதல் பாடத்திலிருந்து கடைசிவரை மாற்றி எழுத வேண்டும், ஒரு மாதம் தள்ளிவைக்கலாம் என்று கேட்டேன்.

தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். இப்போது தள்ளினால் கல்லூரி வேறு பாடத்துக்குப் போய்விடும், முதலில் வெளியிடுவோம், குறைகளை அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். ஒரு வாசகருக்காக வகுப்பு முழுவதையும் நிறுத்த முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் நானும் கமாவும். அவ்வளவுதான்.

மார்ச் 20, வெள்ளி

ஒரு வாசகர். ஒரே ஒரு வாசகர்னு சொல்றாங்க. வரவே முடியாத இடத்துல எத்தனை பேரு வந்து நிப்பாங்களாம்?

மார்ச் 22, ஞாயிறு

ஆபரேட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எனக்காகச் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். நேர்மாறாகப் பேசினாள். “எனக்காகத் தள்ளிவைக்காதீங்க அக்கா. வகுப்பே நின்னுபோச்சுன்னா அத்தனை பேரும் என்னைத்தான் சொல்வாங்க.”

மேடம் அக்கா ஆனதை நான் கவனித்தேன். அவள் கவனித்தாளா தெரியாது.

யோசித்துப் பார்த்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. எடுத்து மாற்றலாம் என்றுதானே எல்லோரும் சேர்ந்து எழுதிவைத்திருக்கிறோம். தனிப் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு, வகுப்பு போகிற வேகத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொரு பாடமாக மாற்றி எழுதுவோம் என்றேன். படித்து எங்கே தடுக்குகிறது என்று சொல்ல வேண்டியது அவள். கமா தானாகவே வந்து, “எழுத்துப்பிழையோட விட்டா எனக்குத் தூக்கம் வராது, என்னையும் சேத்துக்குங்க” என்று எழுதினார்.

மார்ச் 24, செவ்வாய்

தலைவர் போன் செய்தார். பிரிந்து போகிறீர்களா என்று கேட்டார். இல்லை, இது வேறு கதவு, வீடு அதேதான் என்றேன். ஐந்து வருஷமாகப் பத்திரமாகக் கட்டிக் காத்த கூட்டம், இப்படி ஆளுக்கொரு பிரதி எடுத்தால் சிதறிவிடும் என்றார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

போனை வைத்த பிறகும் யோசனை. நான் செய்வது சரிதானா? பிடிவாதமா?

ஏப்ரல் 6, திங்கள்

வகுப்பு தொடங்கியது. எங்கள் பிரதியில் முதல் இரண்டு பாடம் தயார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மூன்றாம் பாடம் நான்காவது தடவை எழுதி முடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: “அதனால என்ன ஆகுது?” எனக்கு இப்போது தூக்கத்திலும் அந்தக் குரல். அலுவலகத்தில் ஒரு கதவின் அளவைக் குறித்துவிட்டு, அதனால் என்ன ஆகிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கதவு குளியலறைத் தொட்டியில் இடிக்கிறது என்று தெரிந்தது. இன்ஜினியர் கவனிக்கவில்லை. சொன்னேன். மாற்றினார். நன்றி சொல்லவில்லை, வழக்கம்போல.

ஏப்ரல் 16, வியாழன்

மதியம் அவள் கூப்பிட்டாள். பின்னால் யாரோ டாக்டரை அழைக்கும் அறிவிப்பு கேட்டது.

“ஓட்டிப் பாத்துட்டேன் அக்கா.”

என்ன ஓட்டினாள் என்று ஒரு கணம் புரியவில்லை. மூன்றாம் பாடத்து நிரல். அவளே தட்டி எழுதி, குவாண்டம் கணினிபோல் நடிக்கும் மென்பொருளை வைத்து அவள் கணினியிலேயே ஆயிரம் தடவை ஓட விட்டிருக்கிறாள். ரெண்டும் பூஜ்யம் ஏறக்குறையப் பாதி, ரெண்டும் ஒன்று மீதிப் பாதி, நடுவில் இருக்கிற ரெண்டும் ஒன்றுகூட வரவில்லை என்றாள். திரும்பவும் ஓட்டினேன், திரும்பவும் வரவில்லை என்றாள். “வராதுன்னு நீங்க சொன்னீங்க. ஆனா வராததைக் காதால கேக்குறது வேற மாதிரி இருக்கு.”

அப்புறம் அவளுக்குப் போர்டில் அழைப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 17, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்லது, ஆனால் அந்தப் பெட்டி கடைசியில் மேலே ஏறிற்றா என்று கேட்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எனக்குத் தெரியாமல் கமா ஒரு காரியம் செய்திருக்கிறார். தலைவருக்கு எழுதி, தினமும் கல்லூரிக்குக் காரில் போகும்போது நம் பாடத்தைப் போனில் வாசிக்க விட்டு, ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். வாதம் எதுவும் செய்யவில்லையாம். “நான் ஏன் மேடம் வாதம் பண்ணணும், வழியில சும்மாதானே போறாரு” என்கிறார்.

ஏப்ரல் 23, வியாழன்

தலைவரிடமிருந்து குழுவுக்கு மொத்தமாகச் செய்தி. சுருக்கமாகத்தான் எழுதுகிற மனிதர். இது நீளமாக இருந்தது. அவர் எழுதிய ஐந்தாம் பாடத்தையே கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். படம், படம், மேலே உள்ளதுபோல், படம் என்று வந்துகொண்டே இருந்ததாம். நானே எழுதிய பாடம், எனக்கே தலைகால் புரியவில்லை, ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு உங்கள் பிரதியின் மூன்றாம் பாடத்தைக் கேட்டேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரி: “பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நான் இடம் ஒதுக்குகிறேன்.”

அலுவலகத்தில் யாரும் பார்க்காதபோது இரண்டு தடவை படித்தேன். வருகிறோம் என்று பதில் போட்டேன். அப்புறம், உங்கள் ஐந்தாம் பாடத்தை யார் மாற்றி எழுதுவது என்றும் கேட்டேன். நானே எழுதுகிறேன், அந்தப் பெண் கேட்டுப் பார்ப்பாரா என்று கேட்டார்.

மே 3, ஞாயிறு

அவள் கேட்டுப் பார்த்தாள். தலைவருக்கு மூன்று பக்கக் குறை போயிருக்கிறது. அவர் என்னிடம் அழாத குறை.

மே 17, ஞாயிறு

எல்லாமே நினைத்தபடி போகவில்லை. கல்லூரி வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கணக்கு கடினமாம். அதற்கு யார் என்ன செய்வது என்று குழுவில் இன்னும் முடிவில்லை. ஆபரேட்டர் நிற்கவில்லை. சொல் விஷயத்தில் அவளுக்கும் கமாவுக்கும் தினமும் மல்லுக்கட்டு. அவர் எழுதுகிற நல்ல தமிழ்ச் சொல்லை அவள் கணினி வாசிக்கும்போது கடித்துத் துப்புகிறதாம். அவர் விட்டுக்கொடுப்பதில்லை. அவளும்தான். நான் நடுவில் போகாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

குழுவில் இப்போது ஏழு பேர். அவள் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. தலைவர் நேராகச் சேர்த்துவிட்டார். புதிதாக ஆறாம் பாடம் ஒன்றை அவள் எழுதுகிறாள்.

ஜூலை 12, ஞாயிறு

ஆறாம் பாடம் வந்தது. ஒரு கியூபிட்டின் நிலையை இன்னொரு இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதைப் பற்றி. காபியைக்கூட ஆறவிட்டுப் படித்தேன். இரண்டு பேர் போனில் பேசிக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறாள்: இவர் அளந்து விடையைச் சொல்கிறார், அவர் கேட்டு அதற்கேற்பத் தன் பக்கம் திருப்புகிறார். போர்டில் உட்கார்ந்தவளுக்குத்தான் இப்படி வரும். இரண்டு இடத்தில் தப்பு கண்டுபிடித்தேன்; ஒன்றுக்கு ஒத்துக்கொள்வாள், இன்னொன்றுக்குச் சண்டை போடுவாள்.

பாடத்தின் நடுவில் எனக்கென்று ஒரு குறிப்பு விட்டிருந்தாள். “அக்கா, வகுப்புல கூடப் படிக்கிற ரெண்டு பேருக்கு வாசிச்சுக் காட்டினேன். இந்த எடத்துல தடுமாறுறாங்க. கண்ணால படிக்கிறவங்களுக்கு இங்க ஒரு படம் வேணும்போல. போட்டுத் தர்றியா?”

‘தர்றியா’ என்று எழுதியிருக்கிறாள்.

மேசையைத் துடைத்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். மூன்று கோடு இழுத்தேன். அதற்கு மேல் எங்கிருந்து தொடங்குவது, எதை விடுவது என்று தெரியவில்லை. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.