சிவப்பு வெளுத்த குடுவை

நேற்று புக்கிட் பெருவாங் மண்டபத்தில் உன் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம். மணமக்கள் மேடையேறும்போது டிரை ஐஸைச் சுடுதண்ணீரில் கொட்டிப் புகை விட்டார்கள். அந்தக் குளிர்ந்த புகை காலில் பட்டதும் எனக்கு நம் ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. நீ செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை.

நம் கடைசி செமஸ்டர் அது. சிம்பாங் அம்பாட் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எனக்கு முன்னால் கதவைத் திறந்து வைத்திருப்பாய். கார்பனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி அந்தக் கார்பனைக் கார்பனயானாக்க, அதாவது எதிர்மின்னேற்ற அயனியாக்க, வேண்டும். காரத்துக்கு வலு போதாவிட்டால் ஹைட்ரஜன் அசையாது. சூடேறினால் கார்பனயான் கண்டதோடும் போய்ச் சேரும். காற்றின் ஈரம் பட்டாலோ பிடுங்கிய ஹைட்ரஜன் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். "இது மாமியார் மாதிரிலா. ஒண்ணு கொறஞ்சாலும் மூஞ்சத் தூக்கிக்கும்" என்பாய்.

அன்று டிரை ஐஸ் தொட்டிக்குள் குடுவை சிவந்தது. கார்பனயான் வந்துவிட்டது. அதை வைத்து அடுத்த படியை முடித்தால் மேற்படிப்புக்கு உனக்கு இடம் உண்டு என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். செமஸ்டர் முழுக்கச் செய்து சேர்த்த பொருள் மொத்தமும் அந்த ஒரு குடுவையில்தான் இருந்தது.

அப்போதுதான் உனக்கு நிச்சயித்தவன் உள்ளே வந்தான். "தொடாதீங்க, காத்து உள்ள போனா எல்லாம் போச்சு" என்றாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் காற்று புகாமலிருக்கக் குடுவை வாயில் மாட்டியிருந்த நைட்ரஜன் பலூனை மூடியோடு பிடுங்கினான். "நீ மாஸ்டர்ஸ் படிக்கப் போனா சோறு யாரு ஆக்குறது?" என்று சிரித்தான். சிவப்பு நம் கண்ணெதிரே வெளுத்துப்போனது. சனியன், குனிந்து வேடிக்கை வேறு பார்த்தான்.

நீயோ விரிவுரையாளரிடம், "நாந்தான் மூடிய சரியா போடல சார்" என்று பழியைத் தலையில் போட்டுக்கொண்டாய். வெளியே வந்ததும் என் கையை உன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாய். "யாருகிட்டயும் சொல்லாதடி. கட்டிக்கப் போறவரு." உன்னை அறையலாம் போலிருந்தது.

நேற்று சாப்பாட்டு மேசையில் உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெமிஸ்ட்ரி படிக்க ஆசையாம். "அப்பா வேணாங்கிறாரு ஆன்ட்டி. ஒங்கம்மாவுக்கே ஏறல, இருந்த ப்ராஜெக்டையும் கெடுத்துட்டு வந்தா, ஒனக்கு எங்க ஏறும்னு சொல்றாரு. நெசமாவா?"

சொல்லிவிட்டேன். அவன் கல்யாணச் சோற்றைத் தின்றுகொண்டே, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. குடும்பப் படம் எடுக்க மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. மாலையும் கழுத்துமாய் அவனே இறங்கி வந்து, "வாம்மா" என்றான்.

"அம்மா ப்ராஜெக்ட யாரு கெடுத்தான்னு மேடையில சொல்லுங்கப்பா. அப்புறம் வரேன்."

புதுப்பெண் மேடையில் தனியாக நின்றாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. சத்தியம்தான் போனது; உன் மேல் உள்ள கோபம் போகவில்லை. உன் மகள் சொன்னதில் பாதியை அன்றைக்கு நீ சொல்லியிருக்கலாமடி.