சுண்ணாம்புப் பாறைமேல் வெயில்

ஞாயிறு இரவு, செஞ்சி.

லண்டனிலிருந்து மகள் கூப்பிடுவாள் என்று காத்திருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. சமண வீடு, இருட்டியபின் சாப்பாடு கிடையாது. பட்டினிதான்.

பிறகுதான் வீடியோவில் வந்தாள். அங்கே இன்னும் வெயில். ஞாயிறு என்று லண்டனை விட்டுக் கடலோரம் போயிருந்தாள்; பின்னால் வெள்ளை வெளேரென்று செங்குத்தான பாறை.

“நம்ம கோட்டை மலை மாதிரி கல்லாம்மா?”

“இல்ல நைனா, சுண்ணாம்பு. கையில ஒட்டுது பாரு. நீ சாப்டியா?”

“ஆச்சு” என்றேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். போனைச் சூரியன் பக்கம் திருப்பினாள்.

“இங்க பொழுது இருக்குதே. இந்த வெயில்ல சாப்டு நைனா.”

சிரித்துக்கொண்டே மறுத்தேன்.

“அப்ப இருட்டறதுக்குள்ள நானாவது சாப்டுடறேன்” என்று டப்பாவைத் திறந்தாள்.

அங்கே போய் இந்த வழக்கத்தை விட்டுவிட்டாளோ என்று இத்தனை நாள் கேட்கப் பயந்திருந்தேன். கடைசிக் கவளம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நன்றாகப் பசிக்கிறது.