கஞ்சி நேரத்தில் முகவரி இல்லை

6 மார்ச் 2025, வியாழன்

நோன்பு ஐந்து. பசிகூடத் தெரியவில்லை, எரிச்சல்தான் தெரிகிறது. தென்னூர் பள்ளிவாசலை ஒட்டிய எங்கள் பெண்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்பது பழைய மெஷின்கள். விண்டோஸைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்குகின்றன. லினக்ஸ் போட்டால் ஓடும் என்று பள்ளிவாசல் கமிட்டியில் வாய் கிழியச் சொன்னவள் நான். கமருன்னிசா டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் தலையாட்டினார்கள். இப்போது பார். இன்ஸ்டாலர் மொழி கேட்கிறது, நாடு கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது. நெட்வொர்க் என்று வந்ததும் நின்றுவிடுகிறது. மெஷினுக்கு நெட் முகவரி தானாகக் கிடைக்கவில்லையாம். மீதிப் பாதியை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். ரவுட்டர் ஒரு எண் கொடுத்தால்தானே நெட்?

26-ஆம் தேதி ஆன்லைனில் டைப்பிங் டெஸ்ட். பாஸ் செய்கிறவர்களுக்கு டேட்டா என்ட்ரி வேலை, இதே அறையில் உட்கார்ந்து. வேறு ஊர் போய் எழுத எந்த வீட்டிலும் விட மாட்டார்கள். என் மாணவி அல்ஷிஃபாவை நிச்சயம் விட மாட்டார்கள். புருஷன் சர்ஃபராஸ் ரியாத்தில், இவள் மாமியார் பார்வைக்குள். எங்கள் சென்டர் அதே தெருவில் இருப்பதால்தான் இந்தக் கிளாஸுக்கே அனுமதி. இருக்கிறவர்களில் வேகமான கை அவளுடையது.

8 மார்ச், சனி

கேபிளை மாற்றினேன். பென் டிரைவை மாற்றினேன். அதே பதில். ரமலானில் ஷைத்தானைக் கட்டிப் போட்டிருப்பதால் அவனைத் திட்டவும் வழியில்லை. அல்ஷிஃபாதான் அகப்பட்டாள். "ஒயரைக் காலால இழுத்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா வரும்?" பாவம், அவள் உட்கார்ந்திருந்ததே வேறு மெஷினில்.

10 மார்ச், திங்கள்

ஹ்ருஷிகேஷுக்கு போன் போட்டேன். என்னோடு எம்.சி.ஏ. படித்தவன், ஸ்ரீரங்கம். "தானா வரலேன்னா நீயே கையால ஒரு நம்பர் போட்டுடேன் கமரு, இதுக்கா இப்படி அலட்டிக்கறே?" என்றான். சரி என்று முகவரியின் கடைசி எண்ணாக 120 போட்டேன். இன்ஸ்டாலர் ஏற்றுக்கொண்டது! கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திக்கித் திணறி நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து கமிட்டி செயலாளர் அப்துல் மாலிக் பாய் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, என் போன்ல வைஃபை வந்து வந்து போவுது. நீ எதுவும் கை வச்சியா?"

"நான் என்ன பாய் பண்ணேன்? எனக்கே வரல!" என்று கத்திவிட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு இவ்வளவு கோபம் ஆகாது. தெரியும்.

12 மார்ச், புதன்

கண்டுபிடித்தேன்!

காலையில் சீக்கிரம் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டு, சும்மா போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன். வந்துவிட்டது. ஒரு மெஷின் முழுசாக முடிந்தது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடுத்தது — இல்லை. சாயங்காலம் அஸர் நேரத்தில் கேட்கவே வேண்டாம். காலையில் வருவது சாயங்காலம் ஏன் வருவதில்லை? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நோன்புக் கஞ்சிக்கு வரிசை. ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் போன், எல்லாத் தலையும் குனிந்து.

பள்ளிவாசலுக்கும் எங்களுக்கும் ஒரே ரவுட்டர். அதனுள் போய்ப் பார்த்தால் 100 முதல் 149 வரைதான் எண் கொடுக்கிறது. கொடுத்ததை அரை நாளைக்குத் திரும்ப வாங்குவதில்லை. ஐம்பதும் போன்களிடம். நான் போட்ட 120? அது மாலிக் பாயின் போனுக்குக் கொடுத்த எண். மனுஷன் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

13 மார்ச், வியாழன்

வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இனி போன்கள் உள்ளே வந்து எண்ணைப் பிடிக்க முடியாது. மூன்று மெஷின் முடிந்தது. மனசு குளிர்ந்தது.

15 மார்ச், சனி

எட்டு மெஷின் ஓடுகிறது. மாலிக் பாய் வந்து, "வரிசைல எல்லாரும் வைஃபை என்னாச்சுன்னு கேக்குறாங்கம்மா" என்றார்.

"புள்ளைங்க டெஸ்ட் முக்கியமா, அவங்க ரீல்ஸ் முக்கியமா பாய்?"

அவர் வரிசைப் பக்கமே திரும்பிப் போய்விட்டார். அல்ஷிஃபாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, வரிக்கு வரி தப்பு. டெஸ்ட் பயமா?

17 மார்ச், திங்கள்

இன்றும் தப்பு. "இப்படி அடிச்சா ஃபெயில்தான்" என்றேன். கீபோர்டு மேலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"வீட்ல அவர் பேசினா ஸ்பீக்கர்லதான்க்கா. மாமா, மாமி, கொழுந்தன் எல்லாரும் சுத்தி உக்காந்திருப்பாங்க. சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லாருக்கான்னு கேட்டா முடிஞ்சிரும். என் போனுக்கு ரீசார்ஜ் கிடையாது. கஞ்சிக்கு வர்றப்பதான் வைஃபைல அவர் முகத்தைத் தனியா பாப்பேன். இப்ப நாலு நாளா..."

ரீல்ஸாம் ரீல்ஸ்! என் வாயை என்ன செய்வது? அந்த வரிசையில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார். தெரியாதா எனக்கு? இந்தத் தெருவில்தானே பிறந்தேன்?

ஆனால் பாஸ்வேர்டைப் பழையபடி வைத்தால் மெஷின்கள் படுத்துக்கொள்ளும். அப்புறம் டெஸ்ட்?

19 மார்ச், புதன்

100-க்குக் கீழே இருக்கும் எண்களை யாருமே தொடுவதில்லை. அது எப்படி எனக்கு முதலிலேயே தோன்றாமல் போனது! எட்டு மெஷினுக்கும் 11-லிருந்து 18 வரை கையால் போட்டேன். ஒன்பதாவதுக்கு இன்ஸ்டாலரிலேயே 19. வெளியே போகும் வழிக்கு ரவுட்டரின் எண்ணைக் கேட்டது, அவசரத்தில் காலியாக விட்டுத் தொலைத்தேன். எண் இருக்கிறது, நெட் இல்லை. திரும்பப் போய் நிரப்பினேன். ஓடியது. போன்களுக்குக் கொடுப்பதை இனி ஒரு மணி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ரவுட்டரை மாற்றிவிட்டேன்.

பழைய பாஸ்வேர்டை வைத்துவிட்டு மாலிக் பாயிடம் போய், "தப்பு என் மேல பாய்" என்றேன். "எம் மக ஜித்தாவுல இருக்காம்மா" என்றார், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அல்ஷிஃபா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் நிற்பவரை முன்னே போகச் சொல்கிறாள்.

26 மார்ச், புதன்

டெஸ்ட் முடிந்தது. ஒன்பது மெஷினும் கடைசி வரை தாக்குப்பிடித்தன. யா அல்லாஹ், போதும்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். தம் பிரியாணி, புதுத்துணி, வீடு நிறைய சத்தம். இன்றிலிருந்து கஞ்சி இல்லை என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ரிசல்ட் வரவில்லை. ஃபெயிலானால் அந்தப் பெண் எந்தக் காரணம் சொல்லிக்கொண்டு வெளியே வருவாள்?

9 ஏப்ரல், புதன்

அல்ஷிஃபா பாஸ்! வேலைக்கு அனுப்ப மாமியாரும் சம்மதித்துவிட்டார்கள். மாலிக் பாய் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினாராம், என்னிடம் மூச்சு விடவில்லை.

26 ஏப்ரல், சனி

இரண்டு வாரமாக அல்ஷிஃபா வேலைக்கு வருகிறாள். இடைவேளையில் அவள் சர்ஃபராஸோடு பேசுவதை நான் கண்டுகொள்வதில்லை.

இன்று அந்த நேரத்தில் அவள் மாமியார் ஷரபுன்னிசா உள்ளே வந்தார்கள். வேவு பார்க்க வந்துவிட்டார்கள், இனி இவளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் என்னிடம்தான் பேசினார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எம் மவன்கிட்ட பேசணும் டீச்சர். வீட்ல இவ மாமா இருக்கையில மனசு விட்டு ஒண்ணும் பேச முடியல. இங்கன தனியாப் பேசலாம்னு இவதான் வரச் சொன்னா."

அல்ஷிஃபா அவர்களைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஹெட்போனைக் காதில் மாட்டி, முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள். திரையில் சர்ஃபராஸ் வந்ததும் "மாமி பேசுறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். இன்றைக்கு அவளுக்கு இருந்ததே அந்த ஒரு இடைவேளைதான்.

எனக்குப் பின்னால் அந்தம்மா, "மவனே..." என்று சொல்லி, அதற்கு மேல் வராமல் அழுவது கேட்டது. நானும் எழுந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, அல்ஷிஃபா பக்கத்தில் நின்றுகொண்டேன்.