மாடிப்படியில் வருகைப் பதிவு

மார்ச் 1

ஒன்றாம் தேதி. குளித்துவிட்டு மார்பைத் தடவிப் பார்த்தேன். வழக்கம்போல கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஈரத்துண்டோடு படியடியில் நின்று, "மேல்மாடி!" என்றேன்.

"உள்ளேன் அண்ணி!"

நாத்தனார்தான். அவளும் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். எங்கள் வயதில் மாதவிலக்கு நின்றுபோனதால் அதை வைத்து நாள் கணக்கிட முடியாது, அதனால்தான் மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொண்டோம். "ரிடையராகியும் உன் ஸ்கூலை இன்னும் மூடலையா?" என்று இவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து கேட்டார்.

ஆனால் அந்த 'உள்ளேன்' கொஞ்சம் வேகம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள்தான் அப்படிச் சொல்லும். தையல் மிஷின் ஓட்டம்கூட நிற்கவில்லையே?

மார்ச் 2

மேலே போனேன். ஜாக்கெட் ஒன்றுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நெஜமாவே பாத்தியா?"

"எல்லாம் அங்கங்கயே இருக்கு அண்ணி" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் மிஷினை நிறுத்தினாள்.

"போன மாசம் இடப்பக்கம் என்னமோ தட்டுப்பட்டுச்சு. சட்டைப் பொத்தான் அளவு. திரும்பவும் பாத்தா இருந்துடுமோன்னு... பாக்கவே இல்ல."

அடிப் பைத்தியமே! விடைத்தாளைப் பிரிக்காமல் மடித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனை பார்த்திருக்கிறேன். பிரிக்காவிட்டால் உள்ளே இருக்கும் மதிப்பெண் மாறிவிடுமா? அதைத்தான் அவளிடமும் சொன்னேன். "நான் ஃபெயிலாயிட்டா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 4

ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வைத்துக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "கண்டுபிடிச்சது நல்லது. கண்டுபிடிச்ச அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்ச் 5

மிஷின் சத்தமே இல்லை. இத்தனை நாள் அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

வெறும் நீர்க்கட்டி! பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி ஏதாவது தட்டுப்பட்டால் உடனே வரச் சொன்னார்கள். ஆட்டோவில் ஏறியதும், "பாஸா அண்ணி?" என்றாள். வழியெல்லாம் இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 1

"மேல்மாடி!"

பதில் இல்லை. மிஷினும் ஓடவில்லை. மேலே குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. காத்திருந்தேன். என் காபி ஆறிப்போயிற்று.

கடைசியில் ஈரத்தலையோடு எட்டிப் பார்த்தாள்.

"உள்ளேன் அண்ணி. லேட்டா வந்ததுக்கு வெளிய நிக்க வெச்சிடாதீங்க."