டாங்கோவில் கேட்கும் தாள் சத்தம்

என்னை ஒருநாளும் அதட்டாத ராஜு அண்ணாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். பவானிபூர் வீட்டில் பூமாலையிலிருந்து சாப்பாடு வரை எல்லாம் என் பொறுப்பு. கல்கத்தாவில் கரியாஹாட் மார்க்கெட்டே என்னைக் கண்டால் எழுந்து நிற்கும், உனக்குத் தெரியாதா?

போன வாரம் உன் மகள் உமா சால்ட் லேக்கிலிருந்து வந்தாள். நீங்கள் ஆர்க்கெஸ்ட்ராவாக வாசித்த அந்த நடன இசை ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல் சத்தமெல்லாம் நீக்கிக்கொண்டிருக்கிறாள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், கடைசியில் அந்த டாங்கோ. நாற்பது பேர் வாசித்தீர்கள். ஊரில் நான் எண்பது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது போகட்டும். ஞாயிறன்று எல்லார் முன்னாலும் டாங்கோவைப் போட்டு, நடுவில் வரும் தனி வயலின் எங்கப்பா என்று சொல்லப் போகிறாளாம்.

அவளுக்கு ஆறு வயதில் அந்தக் கதையைச் சொல்லி வைத்தவன் நான்தானே. அந்த இடம் வந்தால் நீ எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாய். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமா அண்ணா? இல்லை, என் மேல் இரக்கமா?

அதை உண்மையில் வாசித்த, உங்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் பிமல்தாவும் ஞாயிறு வருகிறார். இந்த வயதிலும் பாம்புக் காது. அப்படியும் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் உமா ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டுக் கேட்டாள்.

"சித்தப்பா, சோலோ நடுவுல சர்ருனு ஒரு சத்தம் வரதே, கேட்டேளா? அதையும் எடுத்துடப் போறேன்."

எட்டாங்கிளாஸோடு நின்றவன்தான் நான். ஆனால் அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஒலிப்பதிவு அன்று உன் வயலின் பெட்டியோடு டிராமில் வந்து, கதவோரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் என்னைக் கேட்டுத்தான் ஆரம்பித்தார் என்று பிறகு சொன்னதெல்லாம் என் சொந்தச் சரக்கு. இரண்டு வயலினுக்கு, இசைத் தாள் வைக்க ஒரே ஸ்டாண்ட். உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தித் தாளைப் புரட்ட வேண்டும், அதுதான் உங்கள் வழக்கம். வெளிப்பக்கம் பிமல்தா, உள்பக்கம் நீ. அவர் வாசித்துக்கொண்டிருக்க, நீ வில்லை மடியில் வைத்துவிட்டுப் புரட்டினாய்.

"எடுக்காதே உமா. அதுதான் உங்கப்பா."

"அப்போ வயலின்?"

"பிமல்தா."

மீதியையும் சொன்னேன். ஒன்றும் கூட்டாமல் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இத்தனை வருஷம் அப்பா ஏன் வாயே திறக்கவில்லை என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டாள். கண்ணை மூடியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் தானாகக் காற்றில் ஒரு தாளைப் புரட்டின. என்னால் அங்கே உட்கார முடியவில்லை அண்ணா. உன்னைப் போலவே பால்கனிக்குப் போய் நின்றேன்.

ஞாயிறன்று பிமல்தா முன்னால் நானே எழுந்து நின்று சொல்கிறேன். பின்வாங்கக் கூடாது என்றுதான் இதை நம் தமிழ்ச் சங்க மலரில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்வேன்: இந்தக் கல்கத்தாவில் உன்னைப் போல் தாள் புரட்ட இன்னொருத்தன் பிறக்கவில்லை. அது பொய்யில்லையே?

உன் வயலின் பெட்டியைத் தூக்கி வந்த தம்பி,
சீனு