பனியில் தூங்கும் டிரைவர்

அன்புள்ள சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம், அந்த ஐஸ் தேசத்தில் நீயும் மூக்கு காதெல்லாம் அதனதன் இடத்தில் ஒட்டியிருக்க நன்றாக இருக்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், போனில் சொல்ல முடியாது, அப்பா காது இங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நீ என்னிடம், அந்தக் காலத்தில் கப்பலில் துருவத்துக்குப் போனவர்களை வரைகிறேன், எல்லாருக்கும் பழைய போட்டோ கிடைத்துவிட்டது, நாய்கள் இழுக்கும் பனிவண்டி ஓட்டினவருக்கு மட்டும் முகமே கிடைக்கவில்லை, அப்பாவும் டிரைவர்தானே, அவர் முகத்தை வைக்கிறேன், கேட்டு ஒரு போட்டோ அனுப்பு என்றாயே. நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா. ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்து பகலில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும்போது நாற்காலிமேல் ஏறி நின்று எடுத்தேன். வாய் திறந்திருந்தது. தாடையைத் தூக்கி மூடினேன், மறுபடி திறந்துகொண்டது. அதைத்தான் அப்பா சம்மதித்துக் கொடுத்தார் என்று உனக்கு அனுப்பிவைத்தேன்.

பேங்க் வேலையை விட்டுவிட்டு நீ அங்கே போனதிலிருந்து, ஐஸை வரைய வெள்ளைத்தாளே போதுமே, அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன்தானே. நீ போன் செய்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார், ஒரே நாளில் நீ ரெண்டு தடவை கூப்பிட்டால் ரெண்டு தடவை குளிப்பார், உன்னால் வீட்டில் சோப்புதான் கரைந்தது. இப்படி இருக்கும்போது உன் கண்காட்சிக் கார்டு தபாலில் வந்தது, நான் சலவைக்கடையில் வேலையில் இருந்தேன், அவரே வாங்கிவிட்டார். நான் வந்து பார்க்கிறேன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார். கார்டில் நீ வரைந்த படம், கூடாரத்துக்குள்ளே எல்லாரும் படுத்திருக்கிறார்கள், வெளியே நீலமாகப் பனி, ஓரத்தில் ரோமத்தொப்பியும் திறந்த வாயுமாக உன் அப்பா. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ மெதுவாக, காதுல இருக்கிற தழும்பைக்கூட விடலை பாரு, இத்தனை நாள் பாக்காமயே எப்படி ஞாபகம் வச்சிருக்கா என்றார். நான் என்ன செய்வேன், பெத்த அப்பன் முகம் பிள்ளைக்கு மறந்தா போகும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அப்புறம் என் போனில் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேனடி. தழும்புக் காது தலையணைக்குள் புதைந்திருக்கிறது, தெரியவே இல்லை. அதை நீ ஞாபகத்திலிருந்துதான் வரைந்திருக்கிறாய், அதனால் நான் சொன்னது பாதிப் பொய்தான்.

மறுநாள் கார்டை டிப்போவுக்கே கொண்டுபோயிருக்கிறார். சலவைக்குப் போட்ட கால்சட்டையை வாங்கக் கடைக்கு வந்த கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். அங்கே எல்லாரும் பிடித்துக்கொண்டார்களாம், என்னண்ணே, டிரைவர் தூங்குறாரு, நம்ம வண்டியிலயும் இதே கதைதானா என்று. உன் அப்பா அசரவில்லையாம், ஓட்டினவன் இப்படித் தூங்குறான்னா அன்னைக்கு எல்லாரையும் பத்திரமாக் கொண்டுவந்து சேத்துட்டான்னு அர்த்தம்டா என்றாராம். அதோடு விட்டாரா, பனின்னா வெறும் வெள்ளை இல்லை, கிட்ட வந்து பாரு, நீலம் இருக்கு, ரோஸ் இருக்கு என்று எல்லாருக்கும் பாடமே எடுத்துவிட்டாராம். வெள்ளைத்தாள் பேச்சை இப்போது காணோம், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறதாம், டிரைவர் என்றால் கண்ணைத் திறந்து வண்டி ஓட்டுவது போலவும் ஒரு படம் வேண்டுமாம். அதற்கு ஸ்டூடியோவில் முறையாக ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறார், நாளைக்குப் போகிறோம். கடைக்கு வந்த கம்பளிக் கோட்டு ஒன்றை முதலாளிக்குத் தெரியாமல் ஒருநாள் கடன் வாங்கிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு முன்பே குளித்து முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், புரிகிறதா. அவர் பேசும்போது அழுதுவைக்காதே, அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, போனை என்னிடம் கொடுத்துவிடுவார். பஸ்ஸைப் பற்றி ஏதாவது கேள், அது போதும்.

சாக்ஸ் ரெண்டு ஜோடியாகப் போடு. வரைகிற கை என்று பார்க்காமல் கையுறையை மாட்டு, விரல் இருந்தால்தான் படம். கரடி வந்தால் வரைந்துகொண்டு நிற்காதே, ஓடு. நீ நினைத்ததெல்லாம் நன்றாக வரட்டும், தீர்க்காயுசாக இரு. அந்தத் தூங்கும் போட்டோவைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

உன் அம்மா

பின்குறிப்பு: இன்று ஸ்டூடியோவுக்குப் போய்வந்தோம். போட்டோக்காரர் விளக்குகளைச் சரிசெய்ய நேரமாகிவிட்டது, கோட்டும் கதகதப்பாக இருந்தது. எடுத்த போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன், கண்ணையும் வாயையும் நீயே பார்த்துக்கொள். நீ வரைந்தது ரொம்பச் சரியாகத்தான் இருக்கிறது என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். கோட்டின் காலரை மட்டும் இன்னொரு முறை துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.